எல்லா அளவுகளும் முதல் நாளிலேயே வேண்டுமா?

கேள்வி: ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். ஆயிரக்கணக்கான பீஸ்களைக் கையாளும் வேலையில் இருந்தும், பருத்த உடல்வாகு கொண்ட எனக்கு அலுவலகத்துக்கு அணிந்து செல்லத் தக்க கால்சட்டை ஒன்று கடையில் கிடைப்பதில்லை. ஒல்லியானவர் முதல் மிகப் பருத்தவர் வரை எல்லாப் பெண்களும் ஒரே அலமாரியிலிருந்து எடுத்து அணியக்கூடிய பிராண்ட் ஒன்றைத் தொடங்க விரும்புகிறேன். 'குட் அமெரிக்கன்' ஜீன்ஸ் நிறுவனத்தை உருவாக்கிய எம்மா கிரீடைப் பற்றிப் படித்த பிறகு இந்த எண்ணம் உறுதிப்பட்டுவிட்டது. ஆனால், பணம் போட முன்வந்திருக்கும் என் சித்தப்பா, "முதலில் எஸ் முதல் எக்ஸ்எல் வரை போடு, ஓடினால் பெரிய அளவுகளைச் சேர்த்துக்கொள்ளலாம்" என்கிறார். சக்கர நாற்காலி பயன்படுத்தும் என் தங்கைக்கு ஏற்ற ஆடைகளையும், எல்லாத் தோல் நிறங்களுக்குமான ஃபவுண்டேஷன் கிரீமையும் இதே பெயரில் கொண்டுவர ஆசை. சமூக ஊடகப் பிரபலம் ஒருவர் பிராண்டின் முகமாக இருக்கச் சம்மதித்து, அதற்கு 40 சதவீதப் பங்கு கேட்கிறார். எங்கிருந்து தொடங்குவது? வேலையை எப்போது விடலாம்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

நீங்கள் கேட்டிருப்பவற்றில் முதல் கேள்விக்கான விடையே மற்றவற்றையும் தீர்மானிக்கிறது என்பதால், அதை விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் சித்தப்பா சொல்வதில் பாதி சரி. கையிலிருக்கும் முதலுக்கு ஏற்ப வரம்பு கட்டிக்கொண்டு தொடங்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அந்த வரம்பை எதில் கட்டுவது என்பதில்தான் அவரிடமிருந்து வேறுபடுகிறேன். அவர் அளவுகளைக் குறைக்கச் சொல்கிறார்; நான் டிசைன்களைக் குறைக்கச் சொல்வேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 டிசைன்கள், ஒவ்வொன்றிலும் 4 நிறங்கள், 5 அளவுகள் என்று தொடங்கினால், கிடங்கில் தனித்தனியாக எண்ணி வைக்க வேண்டிய சரக்கு வகைகள் 240 ஆகின்றன. 3 டிசைன்கள், 2 நிறங்கள், 12 அளவுகள் என்றால் அவை 72 மட்டுமே. துணி ஆலை நிறத்துக்கு இவ்வளவு மீட்டர் என்று குறைந்தபட்ச ஆர்டர் கேட்கும், சாயப்பட்டறையும் அப்படியே. நிறங்களும் டிசைன்களும் பெருகப் பெருக அந்தக் குறைந்தபட்சத்தை எட்டுவதற்காகவே தேவைக்கு மேல் வாங்க நேரும். அளவுகள் பெருகுவதால் அந்தச் சுமை ஏறாது, ஏனென்றால் 12 அளவுகளும் ஒரே துணி ரோலிலிருந்துதான் வெட்டப்படுகின்றன. பெரிய அளவுகளைச் சேர்த்தால் முதல் முடங்கும் என்று அஞ்சுகிற பலர், நாலைந்து நிறங்களைக் கூசாமல் சேர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் முதலை முடக்குவது பெரும்பாலும் அந்த நான்காவது நிறம்தான்.

"ஓடினால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்" என்பது பேச்சுக்கு எளிதாக இருக்கிறது. துணியை வெட்டுவதற்கான வடிவத்தை, அதாவது பேட்டர்னை, உருவாக்கும் மேசையில் அப்படி நடப்பதில்லை. நடுத்தர அளவு ஒன்றில் சாம்பிள் செய்து, அதிலிருந்து மேலும் கீழும் குறிப்பிட்ட அங்குலங்களைக் கூட்டியும் குறைத்தும் மற்ற அளவுகளை உருவாக்கும் கிரேடிங் முறை உங்களுக்குத் தெரிந்ததே. நடுவிலிருந்து இரண்டு மூன்று அளவுகள் வரை அந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது. அதற்கு மேல் உடல் நம் கூட்டல் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. மார்புச் சுற்றளவு 10 அங்குலம் கூடியவருக்குத் தோள்பட்டை எலும்பு அதே விகிதத்தில் அகலமாவதில்லை, கழுத்தும் அப்படித்தான். ஆனால் மேல்கையின் சுற்றளவு, எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கூடுகிறது. விளைவு என்னவென்றால், இயந்திரத்தனமாகப் பெரிதாக்கப்பட்ட சட்டையின் தோள் தையல் மேல்கையில் வந்து விழுகிறது, கழுத்து அகன்று உள்ளாடையின் பட்டை தெரிகிறது, அதே சட்டையின் கையோ ரத்த ஓட்டத்தை நிறுத்துகிற அளவுக்கு இறுக்குகிறது. அணிபவர் தன் உடல்தான் கோணலோ என்று நினைத்துக்கொண்டு சட்டையைக் கழற்றி வைத்துவிடுகிறார்.

ஆகவே உங்களுக்கு அடிப்படை பேட்டர்ன் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ஒன்றை நடுத்தர உடலமைப்பு கொண்ட ஃபிட் மாடலின் (பொருத்தம் பார்ப்பதற்காக ஆடையை அணிந்து காட்டுபவர்) மேலும், மற்றொன்றை உங்கள் பெரிய அளவுகளின் மையத்தில் இருக்கிற ஒருவரின் மேலும் உருவாக்கி, இரண்டும் சந்திக்கும் இடத்தை மூன்றாவது ஒருவரின் மேல் போட்டுச் சரிபார்க்க வேண்டும். கால்சட்டையில்தான் நீங்கள் தொடங்கப்போகிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். அப்படியானால், ஃபிட் பார்க்கும் நாளில் மாடலைக் கண்ணாடி முன் நிற்க வைத்து முன்னும் பின்னும் புகைப்படம் எடுப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். குனிந்து செருப்பு வாரைப் போடச் சொல்லுங்கள். இரண்டு படிகளை ஒரே எட்டில் ஏறச் சொல்லுங்கள். உட்காரும்போது இடுப்புப் பட்டையின் பின்புறம் முதுகை விட்டு விலகி, அதற்குள் கை நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தால், பின்பக்கக் கவட்டுத் தையலின் நீளம் போதவில்லை என்று பொருள். இடுப்பைப் பிடித்துச் சுருக்குவதால் அது தீராது. முன்புறத் தொடையில் மீசை போலக் குறுக்குச் சுருக்கங்கள் விழுந்தால், தொடையிலோ முன்கவட்டிலோ இடம் போதவில்லை. இடுப்புக்கு ஏற்பக் கணுக்கால் பருப்பதில்லை என்பதால், கால் விளிம்பையும் அதே விகிதத்தில் விரித்துவிட்டால் கால்சட்டை பாவாடையாகிவிடும்.

இன்னொன்று, ஒல்லியான ஃபிட் மாடலின் மேல் ஒருநாளும் வெளிப்படாது. பருத்த தொடைகள் நடக்கும்போது ஒன்றோடொன்று உரசுவதால், உள்தொடைப் பகுதியில் துணி முதலில் மணிமணியாகத் திரண்டு, பிறகு நைந்து கிழிகிறது. இடுப்பிலும் முழங்காலிலும் துணி புதிது போலவே இருக்கும். துணி வாங்கும்போது, தேய்ப்பை அது எவ்வளவு தாங்கும் என்று காட்டும் மார்ட்டின்டேல் உராய்வுச் சோதனையின் முடிவைக் கேட்டு வாங்குங்கள். கவட்டில் வைர வடிவத் துண்டு ஒன்றை வைத்துத் தைத்தால், நான்கு தையல்களும் ஒரே புள்ளியில் கூடி அங்கே இழுவை விழுவது குறையும். இழுத்தால் நீளும் எலாஸ்டேன் இழை கலந்த துணியானால், நாள் முழுதும் அணிந்த பிறகு அது பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்பதைப் பெரிய அளவில் அணிந்தே சோதியுங்கள். வாங்குபவர் இரண்டாவது கால்சட்டைக்கு உங்களிடமே திரும்பி வருவாரா என்பது இத்தகைய இடங்களில் முடிவாகிறது.

எம்மா கிரீடைப் பற்றி நீங்கள் படித்தவற்றில் புகழ்பெற்ற கூட்டாளிகளின் பெயர்கள்தான் பெரிதாக இருந்திருக்கும். அவர் 2008இல் லண்டனில் தொடங்கிய நிறுவனம், பிராண்டுகளையும் பிரபலங்களையும் ஒப்பந்தத்தில் இணைக்கும் வேலையைச் செய்தது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் க்ளோயி கர்தாஷியனுடன் சேர்ந்து 'குட் அமெரிக்கன்' ஜீன்ஸைக் கொண்டுவந்தது 2016 அக்டோபரில். அதாவது, ஒரு பிரபலத்தின் பெயர் எதை விற்கும், எதை விற்காது என்பதை மற்றவர் காசில் பல ஆண்டுகள் பார்த்துவிட்டுத்தான் தன் சொந்தக் கடையைத் திறந்திருக்கிறார். முதல் நாளிலேயே 10 லட்சம் டாலருக்கு மேல் விற்றது என்ற செய்தி எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுபவை வேறு இரண்டு. மிகச் சிறியதான 00 முதல் 24 வரையிலான அளவுகளை முதல் நாளிலேயே கொண்டுவந்ததோடு, தங்கள் ஜீன்ஸை விற்க விரும்பும் கடைகள் அந்த வரிசை முழுவதையும் வாங்கி வைக்க வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தார்கள். "நடுவிலுள்ள அளவுகளை மட்டும் கொடுங்கள்" என்று கேட்கிற கடைக்குப் புதிய நிறுவனம் ஒன்று மறுப்புச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் புரியும்.

இரண்டாவது, 15 என்ற அளவு. அமெரிக்க அளவு முறையில் 14 என்பது வழக்கமான பெண்கள் ஆடையின் கடைசிப் படியாகவும், 16 என்பது பெரிய அளவுகளின் முதல் படியாகவும் இருந்து வந்தன. இரண்டும் வெவ்வேறு அடிப்படை பேட்டர்ன்களிலிருந்து பிறப்பதால் நடுவே ஒரு பள்ளம் விழுந்தது. திரும்பி வரும் சரக்கு அந்த இரண்டு அளவுகளின் இடையில் குவிவதைக் கவனித்த 'குட் அமெரிக்கன்', வழக்கத்தில் இல்லாத 15ஐ உருவாக்கியது. ரிட்டர்ன் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்த யாரோ ஒருவர் கண்டுபிடித்த அளவு அது என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன். இணைய வழி ஆடை விற்பனையில் லாபத்தைத் தின்பது திரும்பி வரும் சரக்கு. அது திரும்புவதற்கு முதற்காரணம் அளவு பொருந்தாமை. ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் எங்கே இறுக்கியது, எங்கே தளர்ந்தது என்று கேட்டு, அளவுவாரியாகப் பதிவு செய்யுங்கள். "பிடிக்கவில்லை" என்ற ஒற்றைச் சொல்லை விடையாக ஏற்காதீர்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் உங்கள் சித்தப்பாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அமெரிக்காவின் 'ஓல்ட் நேவி' ஆடைக் கடை நிறுவனம், 2021 ஆகஸ்டில் பெண்களுக்கான ஆடைகள் அனைத்தையும் 0 முதல் 28 வரையிலான அளவுகளில், ஒரே விலையில், தன் கடைகள் எல்லாவற்றிலும் அடுக்கியது. பேட்டர்ன் வேலையை அவர்கள் ஏனோதானோவென்று செய்யவில்லை. பெண்களின் உடல்களை ஸ்கேன் செய்தே புதிய பேட்டர்ன்களை உருவாக்கினார்கள். இருந்தும் 2022இல் சில கடைகளிலிருந்து பெரிய அளவுகளை விலக்கிக்கொள்ள நேர்ந்தது. நடு அளவுகள் விற்றுத் தீர்ந்து கேட்டவர்களுக்கு இல்லாமல் போக, இரண்டு ஓரங்களிலும் சரக்கு தேங்கிவிட்டது. பெரிய அளவுகளுக்கு ஆள் இல்லை என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. ஒவ்வொரு அளவிலும் எத்தனை பீஸ், எந்தக் கடைக்கு என்று பங்கிடும் கணக்கு தவறியதுதான் அங்கே நடந்தது. எல்லா அளவுகளையும் வைத்திருப்பது வேறு, எல்லா அளவுகளையும் ஒரே எண்ணிக்கையில் வைத்திருப்பது வேறு.

அந்தக் கணக்கை நீங்கள் எப்படிப் போடுவது? பழைய விற்பனைப் புள்ளிவிவரத்தை நம்பிப் போட முடியாது. விற்ற பீஸ்தான் அதில் பதிவாகும். தன் அளவு இல்லாததால் கடைக்குள்ளேயே நுழையாதவர் எந்தப் பதிவிலும் இருக்க மாட்டார். அதனால் முதல் தொகுதியை முன்பதிவில் விற்றுவிடுங்கள். பதிவு செய்பவரிடம் "எக்ஸ்எல்லா, 2எக்ஸ்எல்லா" என்று கேட்காமல், இடுப்பு, பிட்டம், தொடை ஆகிய மூன்றின் சுற்றளவையும், உட்கால் நீளத்தையும் கேட்டு வாங்குங்கள். ஒரு கடையில் எக்ஸ்எல் அணிபவர் இன்னொரு கடையில் 3எக்ஸ்எல் அணிகிறார் என்பது நாம் எல்லோரும் அறிந்த கூத்து. வந்த அளவுகளை வரிசைப்படுத்தினால் உங்கள் வாடிக்கையாளரின் உண்மையான பரவல் தெரியும். அதில் முக்கால் பங்கை மட்டும் தைத்துவிட்டு, மீதித் துணியை வெட்டாமல் ரோலாகவே வைத்திருங்கள். எந்த அளவு முதலில் தீர்கிறதோ அந்த அளவை அதிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். வெட்டிய துணிக்கு ஒரே ஓர் அளவுதான். வெட்டாத துணி எந்த அளவாகவும் ஆகும்.

விலையைப் பொறுத்தவரை, எல்லா அளவுக்கும் ஒரே விலை என்பதில் உறுதியாக இருங்கள். பெரிய அளவுக்குத் துணி கூடுதலாகச் செலவாகும் என்பது உண்மைதான். எடுத்துக்காட்டாக, ஆடையின் அடக்க விலையில் துணியின் பங்கு 40 சதவீதம் என்றும், மிகப் பெரிய அளவுகளுக்குச் சராசரியைவிட 30 சதவீதம் கூடுதல் துணி ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அந்த அளவுகளின் அடக்க விலை 12 சதவீதம் ஏறும். விற்பனையில் அவற்றின் பங்கு 15 சதவீதம் என்றால், மொத்தச் சராசரி அடக்கம் ஏறுவது 2 சதவீதத்துக்கும் குறைவு. அதை எல்லா அளவுகளின் மேலும் பரப்பிவிட்டால் யாருக்கும் உறைக்காது. சிறிய அளவுக்குத் துணி குறைவாகிறதே என்பதற்காக யாரும் விலையைக் குறைத்துக் கொடுத்ததில்லை என்பதையும், வாதத்துக்கு வருபவர்களிடம் சொல்லலாம். ஆனால் துணியின் அகலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 44 அங்குல அகலத் துணியில் பெரிய அளவின் முன், பின் பாகங்கள் அருகருகே உட்காராமல் போனால், 30 சதவீதம் என்று நாம் வைத்த கணக்கு எங்கோ போய்விடும். பாகங்களைத் துணியின் மேல் அடுக்கிப் பார்க்கும் வரைபடமான மார்க்கரைப் போட்டுப் பார்த்துவிட்டு, தேவையானால் 58 அங்குலத் துணிக்கு மாறுங்கள்.

தரப் பரிசோதனையில் ஒரு நுணுக்கம். அடுத்தடுத்த அளவுகளுக்கு இடையே இடுப்பில் 1 அங்குல வித்தியாசம் வைத்துவிட்டு, தையலகத்துக்கு அரை அங்குலம் கூடவோ குறையவோ சலுகையும் கொடுத்தால், தளர்வாக வந்த சிறிய அளவும் இறுக்கமாக வந்த அடுத்த அளவும் ஒன்றாகிவிடும். 12 அளவுகள் என்று லேபிளில் இருக்கும், அலமாரியில் இருக்காது. சலுகையைக் கால் அங்குலமாகக் குறையுங்கள், அல்லது அளவு இடைவெளியைக் கூட்டுங்கள். விற்பனைப் பக்கத்தில் ஒவ்வொரு டிசைனையும் குறைந்தது மூன்று வெவ்வேறு உடல்களின் மேல் காட்டுவதும், அவர்கள் அணிந்திருக்கும் அளவை அருகில் குறிப்பதும் இன்று எல்லோரும் எதிர்பார்ப்பதே.

உங்கள் தங்கைக்கான ஆடையைப் பற்றி. இதைத் தனி வரிசையாகத் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. அதே கால்சட்டையின் உட்கார்ந்த வடிவமாகத் தொடங்குங்கள். நாள் முழுதும் அமர்ந்திருக்கும் உடலுக்குப் பின்கவட்டு உயர்ந்தும் முன்கவட்டு தாழ்ந்தும் இருக்க வேண்டும். கால் நீளம் கூடுதலாக வேண்டும். பின்பையும் தடித்த தையலும் அழுத்திப் புண்ணாக்கும் என்பதால் அவை கூடாது. அமெரிக்க ஆடை நிறுவனமான 'டாமி ஹில்ஃபிகர்' 2016இல் மாற்றுத்திறனுள்ள குழந்தைகளுக்கான ஆடைகளைக் கொண்டுவந்தபோது, தன் வழக்கமான தோற்றத்தை மாற்றாமல் மூடும், திறக்கும் முறைகளை மாற்றியது. உங்களுக்கும் அந்த வழியே பொருந்தும். பொத்தானுக்குப் பதில் காந்தம் வைப்பது இப்போது பரவியிருக்கிறது. ஆனால் பேஸ்மேக்கர் போன்ற கருவிகள் பொருத்தியவர்களுக்குக் காந்தம் ஆபத்தாகலாம் என்ற எச்சரிக்கையை லேபிளில் தவறாமல் அச்சிடுங்கள். உங்கள் தங்கை ஒருவரின் கருத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். வெவ்வேறு உடல்நிலை கொண்ட சிலரை, ஊதியம் கொடுத்து, அணிந்து பார்த்துச் சொல்ல அமர்த்திக்கொள்ளுங்கள். ஃபிட் மாடலுக்குக் கொடுக்கும் கூலியை இவர்களுக்குக் கொடுக்காமல் "சேவைதானே" என்று சொல்லும் வழக்கம் இத்துறையில் உண்டு, அது கூடாது.

ஃபவுண்டேஷன் கிரீம் வேண்டாம். குறைந்தபட்சம், இப்போது வேண்டாம். பாடகி ரிஹானாவின் 'ஃபென்டி பியூட்டி' 2017 செப்டம்பரில் 40 நிறங்களோடு வந்து அந்தத் தொழிலின் அளவுகோலையே மாற்றியது என்பதால், எல்லோருக்குமான பிராண்ட் என்றாலே அதுவும் இருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் கரும்பழுப்புத் தோலுக்கான நிறம் என்பது வெளிர் நிறத்தில் இன்னும் கொஞ்சம் கறுப்பைக் கலப்பதால் வந்துவிடுவதில்லை. சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகளையும் வெள்ளை டைட்டானியம் டையாக்சைடையும் எந்த விகிதத்தில் கலப்பது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. வெள்ளை மிகுந்த அடித்தளத்தின் மேலேயே அடர்நிறத்தை உருவாக்கினால், பூசியவுடன் முகம் சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிடும். அதற்கு வேதியியலாளர் வேண்டும். நிலைப்புத் தன்மைச் சோதனை, நுண்ணுயிர்ச் சோதனை, தோல் பாதுகாப்புச் சோதனை எல்லாம் வேண்டும். உங்கள் அனுபவம் எதுவும் அங்கே செல்லுபடியாகாது. கிரீடின் வரிசையைப் பாருங்கள்: 2016இல் ஜீன்ஸ், 2019இல் உள்ளாடைகளுக்கான 'ஸ்கிம்ஸ்', 2021இல் வீட்டுத் துப்புரவுப் பொருட்களுக்கான 'சேஃப்லி'. ஒவ்வொன்றும் தனிப் பெயர், தனிக் கூட்டாளிகள், தனி நிறுவனம். ஒன்றில் அடி விழுந்தால் மற்றொன்று தாங்கும்படி பிரித்து வைக்கப்பட்டவை அவை.

பெயரைத் தொட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 'ஸ்கிம்ஸ்' முதலில் 'கிமோனோ' என்ற பெயரில்தான் அறிவிக்கப்பட்டது. ஜப்பானியரின் மரபுடையின் பெயரை உள்ளாடைக்கு வணிகக் குறியாக்குவதா என்று எதிர்ப்பு எழுந்தது. கியோட்டோ நகர மேயர் மறுபரிசீலனை செய்யும்படி கடிதம் எழுதினார். விற்பனை தொடங்கும் முன்பே பெயர் மாறியது. அவர்களிடம் பெயரை மாற்றிக்கொள்ளப் பணம் இருந்தது. உங்களுக்கு லேபிளையும் பெட்டியையும் இரண்டாம் முறை அச்சிடுவதே பெரிய செலவாக இருக்கும். எல்லோரையும் சேர்த்துக்கொள்கிற பிராண்ட் என்று சொல்லிக்கொள்பவர், ஒரு சமூகத்தின் சொல்லையோ வழிபாட்டுச் சின்னத்தையோ தொடும் முன் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்களிடம் கேட்டுவிட வேண்டும். வணிகக் குறியை நிறுவனத்தின் பெயரில் பதிவு செய்யுங்கள், உங்கள் பெயரிலோ கூட்டாளியின் பெயரிலோ வேண்டாம்.

இனி, 40 சதவீதம் கேட்கிற பிரபலம். பிரபலத்தின் முகம் முதல் ஆர்டரைக் கொண்டுவரும்; இரண்டாவது ஆர்டரைக் கால்சட்டைதான் கொண்டுவர வேண்டும். எனவே முதல் ஆர்டருக்குரிய விலையை மட்டும் அவருக்குக் கொடுங்கள். விற்பனையில் குறிப்பிட்ட சதவீதத்தை ராயல்டியாகக் கொடுப்பதே இருவருக்கும் எளிது. பங்கைத் தொடவே வேண்டியதில்லை. அவர் பங்குதான் வேண்டும் என்று நின்றால், கேட்டதைவிட மிகக் குறைத்து, அதையும் ஒரே நாளில் எழுதிக் கொடுக்காமல் நான்கு ஆண்டுகளில் படிப்படியாக உரிமையாகும்படியும், முதல் ஆண்டு முடியும் முன் விலகினால் எதுவும் இல்லை என்றும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். புதிய நிறுவனங்களின் நிறுவனர்கள் தங்களுக்குள்ளேயே செய்துகொள்கிற பரவலான ஏற்பாடு அது, அவரை அவமதிப்பது ஆகாது. மாதத்துக்கு எத்தனை பதிவுகள், போட்டி நிறுவனங்களுக்கு விளம்பரம் செய்யலாமா, விலகிய பிறகு அவருடைய படங்களை எவ்வளவு காலம் பயன்படுத்தலாம், அவர் பெயர் சர்ச்சையில் சிக்கினால் என்ன செய்வது ஆகியவற்றையும் அதிலேயே முடித்துவிடுங்கள். உங்கள் சித்தப்பாவின் பணத்தையும் கடனா, பங்கா என்று எழுத்தில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உறவில் எழுதி வைப்பது அழகில்லை என்பார்கள். எழுதாமல் விட்டதால் பேச்சுவார்த்தை அறுந்த குடும்பங்கள்தான் எனக்கு அதிகம் தெரியும்.

பெரிய முதலீட்டு நிறுவனங்கள் வந்து கைதூக்கிவிடும் என்ற கணக்கில் திட்டம் போட வேண்டாம். புதிய நிறுவனங்களில் இடர் ஏற்றுப் போடப்படும் துணிகர முதலீடு மிகுந்த அமெரிக்காவிலேயே, பெண்கள் மட்டுமே நிறுவனர்களாக உள்ள நிறுவனங்களுக்குச் செல்வது அண்மை ஆண்டுகளில் மொத்தத்தில் 2 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. ஆடை, அணிகலன் வடிவமைப்பாளர் அரோரா ஜேம்ஸ் 2020இல் தொடங்கி, கிரீடைத் தலைவராகக் கொண்ட 'ஃபிஃப்டீன் பெர்சென்ட் பிளெட்ஜ்' அமைப்பு, கறுப்பினத்தவர் நடத்தும் நிறுவனங்களுக்கு அலமாரியில் 15 சதவீத இடம் ஒதுக்கும்படி பெரிய கடைகளிடம் வாதாடுகிறது. அத்தகைய கதவு உங்களுக்கும் ஒருநாள் திறந்தால், மகிழ்ச்சியில் உடனே கையெழுத்திட்டுவிடாதீர்கள். துணிக்கும் தையலுக்கும் நீங்கள் முன்பணம் கொடுத்திருப்பீர்கள். கடையிலிருந்து பணம் வர 60, 90 நாட்கள் ஆகும். விற்காததைத் திருப்பி அனுப்பும் உரிமையும் ஒப்பந்தத்தின் ஒரு மூலையில் இருக்கும். உங்கள் கைப்பணம் தாங்குகிற ஆர்டர் எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, அதற்கு மேல் வருவதைப் பகுதி பகுதியாக ஒப்புக்கொள்ளுங்கள்.

வேலையை இப்போதே விட வேண்டாம். மேலே சொன்ன பேட்டர்ன், ஃபிட், முன்பதிவு வேலைகள் அனைத்தையும் வார இறுதிகளில் செய்ய முடியும். முதல் தொகுதி விற்று, ரிட்டர்ன்கள் வந்து, அவற்றைப் பார்த்துத் திருத்திய இரண்டாவது தொகுதியும் முழு விலைக்கு விற்ற பிறகு அந்த முடிவை எடுக்கலாம். அதுவரை ஒன்றைக் கவனியுங்கள்: நீங்கள் ஆடைத் தொழிலிலேயே பணியாற்றுவதால், போட்டித் தொழில் நடத்துவது பற்றியும், பணிக்காலத்தில் உருவாக்கிய பேட்டர்ன்கள், அளவு அட்டவணைகள், வாங்குவோர் பட்டியல்கள் யாருக்குச் சொந்தம் என்பது பற்றியும் உங்கள் பணி ஒப்பந்தத்தில் விதிகள் இருக்கக்கூடும். அந்தப் பக்கங்களை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி எழுத்தில் கருத்துப் பெற்றுவிட்டு, அதன் பிறகு முதல் சாம்பிளுக்கான துணியை வாங்குங்கள். அலுவலகக் கணினியில் இருக்கும் எந்த அளவு அட்டவணையையும் வீட்டுக்கு எடுத்து வர வேண்டாம். முன்பதிவில் நீங்களே திரட்டப்போகும் அளவுகள் உங்கள் கால்சட்டைக்கு அதைவிட நன்றாகப் பொருந்தும்.